வலப்பக்கத்துக் கூடை

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு டப்பா டீச்சர் என்று பெயர். வைத்தது பிள்ளைகள் இல்லை. அவர் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பேச்சு முழுசாக வராது. வந்தவர்களுக்கும் அடுத்தவரைக் கேலி செய்யத் தோன்றாது. பெயர் வைத்தவர் கூட்டிப் பெருக்க வருகிற ஆயாம்மா. காலையில் அலமாரிக் கதவைத் திறந்தால் ஏதாவது ஒரு டப்பா அவர் தலையில் விழும். "இது வகுப்பா, பழைய சாமான் கடையா?" என்று பல தடவை கேட்டுப் பார்த்தார். கடைசியில் பெயரை வைத்துவிட்டு விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அது ஒட்டிக்கொண்டது.

ஷூ வந்த டப்பா, ஐஸ்கிரீம் வந்த டப்பா, உடைந்த மூக்குக் கண்ணாடியின் கூடு என்று டீச்சர் எதையும் விட்டதில்லை. அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாத மனிதர்.

"சோப்பு வாங்கினா, சோப்பு ஈரமாகறதுக்கு முன்னாடி அதோட டப்பா ஸ்கூலுக்குப் போயிடுது. ஒரு நாள் என்னையும் காலி பண்ணிட்டு, எதையாவது ரொப்பி எடுத்துட்டுப் போயிடுவ போலிருக்கு."

"உங்களுக்குள்ள ரொப்ப எங்க இடம்? பூரா பேச்சுதானே இருக்கு" என்பார் டீச்சர்.

மெக்கானிக்கிடம் ஒரு நீலத் தகர டப்பா இருந்தது. லிஃப்ட் பட்டன்கள் அடைத்து வந்தது. மூடி 'டக்'கென்று சத்தத்தோடு மூடிக்கொள்ளும். அதில் அவர் திருகாணிகள் போட்டு வைத்திருந்தார். அதையும் டீச்சர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டார். திருகாணிகள் அதன்பின் ஒரு பழைய சாக்ஸுக்குள் குடியேறின.

பட்டப்படிப்பு முடித்த கையோடு டீச்சர் சேர்ந்தது ஒரு கூரியர் அலுவலகத்தில். வண்டியிலிருந்து இறங்கும் பார்சல்களை ஊர் வாரியாகப் பிரிக்கிற வேலை. மற்றவர்கள் அலுத்துக்கொண்ட அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. எது எங்கே போகவேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது என்பது அவர் எண்ணம். அலுவலகத்தை மூடியபோது, சிறப்புக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். ஏன் அதற்குப் போனார் என்று யாரிடமும் சொன்னதில்லை. கணவன் மனைவி இருவருக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஒரு காலத்தில் நிறையப் பேசியிருந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

பயிற்சியில் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தையின் மேசைக்கு இடப்பக்கம் ஒரு சின்ன ராக். அதில் மூன்று டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரே ஒரு வேலை: பந்துகளை ஓட்டையில் போடுவது, துணிக் கிளிப்புகளை அட்டையில் அந்தந்த நிறத்தின்மேல் மாட்டுவது, சின்ன மூடியைச் சின்ன பாட்டிலுக்கும் பெரிய மூடியைப் பெரிய பாட்டிலுக்கும் திருகுவது. குழந்தை ஒரு டப்பாவை எடுக்கும், செய்யும், மூடி வலப்பக்கத்துக் கூடையில் போடும். இடப்பக்கம் காலியானால் வேலை தீர்ந்தது, பிடித்த விளையாட்டுக்குப் போகலாம். எவ்வளவு செய்ய வேண்டும், எப்போது தீரும் என்று யாரையும் கேட்காமல் குழந்தைக்கே தெரிந்துவிடும். இது பார்சல் பிரித்த கைக்கு உடனே பிடிபட்டது. சாயங்காலம் பிள்ளைகள் போனபின், கூடையில் இருப்பதையெல்லாம் கொட்டிக் கலைத்து, மறுநாளைக்கு மறுபடி இடப்பக்கம் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்.

அந்த ஆண்டு புதிதாக ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தாள். வந்த முதல் நாளே இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பை ஒரு சுற்று சுற்றினாள். ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். ஆயாம்மாவின் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, திருப்தி இல்லாதவள்போல் நகர்ந்தாள்.

"வந்துட்டாங்கப்பா இன்ஸ்பெக்டரு" என்றார் ஆயாம்மா. அந்தப் பெயரும் நின்றுவிட்டது.

சுற்றிப் பார்த்ததோடு சரி. நாற்காலியைக் காட்டியதும் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். தூக்கி உட்காரவைத்தால் தண்ணீர்போல் வழிந்து கீழே இறங்கினாள். முன்பு இருந்த பள்ளியில் இதற்காகத்தான் அனுப்பிவிட்டார்கள். அவள் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க நின்று வீங்கிய கால்களோடு வந்து, "இங்கயும் வேணாம்னுட்டா வீட்லதான் வெச்சிருக்கணும் டீச்சர். நானும் வேலையை விட்டுட்டு கூடவே உக்காரணும்" என்றார்.

டீச்சர் குழந்தையை இழுக்கவில்லை. ஒரு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு தானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தார். உயரமான ஆள், கழுத்தை மடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்க்காமல், ஒரு பந்தை ஓட்டையில் போட்டார். இரண்டாவது பந்தைத் தரையில் விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கண்ணாமூச்சியா டீச்சர்?" என்றார் வாசலில் நின்ற ஆயாம்மா.

"ஆமா. நீங்க ஒளிஞ்சுக்கங்க, நாங்க தேட மாட்டோம்."

பல நாள் இதையே செய்தபின், ஒரு நாள் அந்தப் பந்து ஓட்டைக்குள் விழுகிற சத்தம் பின்னாலிருந்து கேட்டது. பிறகு டப்பா மேசைக்காலின் ஓரத்துக்கு நகர்ந்தது, பிறகு நாற்காலிமேல் ஏறியது, அதன் பின்னாலேயே குழந்தையும் ஏறினாள். மழைக்காலம் முடிவதற்குள் மூன்று டப்பாக்களையும் வரிசையாகச் செய்யத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு மிகவும் பிடித்தது நீல டப்பா. கிளிப்புகளை மாட்டிவிட்டு, மூடியை 'டக்'கென்று மூடி, கூடையில் வைத்துவிட்டு, "முடிஞ்சது" என்பாள். அவள் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் சொல் அதுதான். அதை முதலில் கேட்ட அன்று அவள் அம்மா குழந்தையின் தலை ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். ஒரு வாரம் திடீரென்று எல்லாம் நின்றுபோனது. இன்ஸ்பெக்டர் நேராக மேசைக்கு அடியில் போய்ப் படுத்தாள். டீச்சரும் கூடவே போய் உட்கார்ந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "முடிஞ்சது" என்ற சொல்லும் போய்விட்டது.

டீச்சர் தலைகீழாக நின்று பார்த்தார். வேலைகளை எளிதாக்கினார், கடினமாக்கினார், புதிதாக மாற்றினார். அவளுக்குப் பிடித்த டார்ச் லைட்டைக் காட்டினார். காது வலியா, பல் வலியா என்று அம்மாவை டாக்டரிடம் போகச் சொன்னார். ஒன்றுமில்லை என்றார்கள். போதாக்குறைக்கு அதே வாரத்தில் நீல டப்பாவும் காணாமல் போயிருந்தது.

"என் பையோட வீட்டுக்கு வந்திருக்கும், திருகாணிக்கு வேணும்னு நீங்கதானே எடுத்தீங்க" என்று கணவரைக் கேட்டார்.

"நானா? என் திருகாணி இன்னும் சாக்ஸுக்குள்ளதான் கெடக்கு. வேணும்னா மோந்து பாரு."

டீச்சர் நம்பவில்லை. மெக்கானிக் கோபித்துக்கொண்டு ஒரு வேளை பேசாமல் இருந்தார். அவருக்கு அது பெரிய தண்டனை.

குழந்தையின் அம்மாவிடம் வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார் டீச்சர்.

"வீட்ல நல்லாத்தான் இருக்கா. எல்லார் செருப்பையும் சுவரோரமா வரிசையா வெப்பா. ஆனா யாரும் கலைக்கக் கூடாது. ஒரு தடவ அவங்கப்பா அவசரத்துல கலைச்சிட்டுப் போயிட்டாரு. ஒரு மாசம் செருப்பு பக்கமே போகல. பிடிவாதம் டீச்சர், அவங்கப்பா குடும்பம்" என்றவர், போகும்போது, "அவளோட சிவப்பு ரிப்பன் ஒண்ணு காணோம், இங்க எங்கயாவது கெடந்தா சொல்லுங்க" என்றார்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிடிவாதம் என்ற சொல்தான் மனதில் தங்கியது.

பெரிய மேடம் என்று அழைக்கப்பட்ட தலைமை ஆசிரியை கெட்டவர் அல்ல. அந்த வகுப்பில் இடம் குறைவு, வெளியே காத்திருக்கிற பிள்ளைகள் அதிகம். டீச்சரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"லீவு விடறதுக்கு முன்னாடி நான் ஒரு நாள் வந்து பாக்கறேன். அவ நாற்காலியில உக்காந்து ஏதாவது செஞ்சா இருக்கட்டும். இல்லன்னா அந்த இடத்தை வேற கொழந்தைக்குக் குடுத்துடலாம். வர்றதே மேசைக்கு அடியில படுக்கறதுக்குன்னா வீட்லயே படுக்கலாமே டீச்சர்."

"சரிங்க மேடம்" என்றார்.

அதற்கடுத்த சில நாளில் வகுப்பறையில் ஒரு பிளக் பாயிண்ட் கெட்டது. எலெக்ட்ரீஷியன் வருவதற்குள் அலமாரியை நகர்த்திவைக்கச் சொன்னார்கள். டீச்சரும் ஆயாம்மாவும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். சுவருக்கும் அலமாரிக்கும் இடையில் சிக்கியிருந்த ஏதோ 'டங்'கென்று கீழே விழுந்தது.

"பாவம், உங்க வீட்டுக்காரரைச் சும்மா சந்தேகப்பட்டீங்க" என்றார் ஆயாம்மா.

நீல டப்பாவேதான். குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு ரிப்பன் சுற்றி, முடிச்சுப் போடத் தெரியாததால் நுனியை உள்ளே செருகியிருந்தது. டீச்சர் ரிப்பனைத் தளர்த்தி மூடியை மெதுவாகத் திறந்து பார்த்தார். கிளிப்புகள் எல்லாம் அட்டையில் அந்தந்த நிறத்தின்மேல் மாட்டியபடியே இருந்தன. ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் நின்றுபோவதற்கு முன் ஒரு சாயங்காலம் மருந்துக்கடையில் கூட்டம், அம்மா வரத் தாமதமானது. குழந்தை ஷூ மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லாமல் இருந்ததால் டீச்சர் அவளை மறந்துபோனார். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு கணவரிடம் பேசியபடி, கூடையை மேசைமேல் கவிழ்த்தார். கிளிப்புகளைப் பிடுங்கினார், பந்துகளைக் கொட்டினார், மூடிகளைத் திருகிக் கழற்றினார். வழக்கமாகச் செய்வதுதான். திரும்பியபோது குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன இன்ஸ்பெக்டரம்மா, அம்மா வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி போனில் சிரித்தது அவருக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் அவள் நீல டப்பாவை மட்டும் செய்து கூடையில் வைத்தாள். சாயங்காலம் அது கூடையில் இல்லை; யாரும் கலைக்காதபடி அவளே ஒளித்திருக்கிறாள். அதோடு வேலையை விட்டாள்.

தினமும் முடிந்தது என்று அவள் கூடையில் வைத்ததெல்லாம், தினமும் அவள் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் போயிருக்கிறது. செருப்பு வரிசையைப் பற்றி அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு பிடிவாதம் என்று தலையாட்டியதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. "எந்திரிங்க டீச்சர், கரண்டுக்காரர் வந்துட்டாரு" என்று ஆயாம்மா சொல்லும்வரை எழவில்லை.

மறுநாள் காலை, குழந்தை பார்க்கும்படியாக, ரிப்பன் சுற்றிய நீல டப்பாவை அலமாரியின் உச்சியில் வைத்தார்.

"இது முடிஞ்சது. இதை யாரும் தொட மாட்டாங்க. நானும் தொட மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் மேசைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி அண்ணாந்து பார்த்தாள். அதன்பின் தினமும் வந்தவுடன் முதல் வேலையாக அலமாரி உச்சியைப் பார்ப்பதும், சாயங்காலம் போகும்போது இன்னொரு தடவை பார்ப்பதுமாக இருந்தாள். தூசி தட்டப்போன ஆயாம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "தொடலைம்மா தாயே. அது என்ன, பேங்க் லாக்கரா" என்று ஆயாம்மா ஸ்டூலைவிட்டு இறங்கினார்.

கலைக்க வேண்டாத வேலைகளை டீச்சர் தேடிக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டுக்கு ஒரு ஸ்பூனாக வைப்பது, வகுப்புக்கு ஒன்றாகச் சாக்பீஸ் பெட்டி பிரிப்பது. அவற்றைக் குழந்தை நின்றபடியே செய்தாள். ஆனால் அப்படிப்பட்ட வேலைகள் சீக்கிரம் தீர்ந்துவிட்டன. மேடம் வருகிற நாள் நெருங்கியது. இடப்பக்கத்து ராக் தொடப்படாமல் கிடந்தது.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் முழுக்கதையையும் சொன்னார். சந்தேகப்பட்டதற்கு வருத்தமும் தெரிவித்தார். மெக்கானிக் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

"இதுக்குப் போய் கோவிச்சுக்கிட்டா எப்படி? நான் காலையில ரிப்பேர் பண்ண லிஃப்ட் சாயங்காலம் நிக்குது. நானும் லிஃப்டுக்கு அடியில படுத்துக்கறேன்னா கம்பெனியில சம்பளம் குடுப்பானா?"

"அது தானா நிக்குது. நீங்க மாட்டினதை உங்களுக்குத் தெரியாம ஒருத்தர் கழட்டிப் போட்டா?"

"கையை ஒடச்சிருவேன்" என்றார் அவர், யோசிக்காமல்.

"நீங்களே கழட்டுவீங்கல்ல?"

"தினம் கழட்டறேன். கழட்டாம எப்படி மாட்டறது?"

டீச்சர் சாப்பிடுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். "சாதம் போடவா?" என்றார் மெக்கானிக், எதையோ தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று.

மறுநாள் மூடிகள் போட்ட டப்பாவைக் குழந்தைமுன் வைத்துத் தானே செய்தார். கூடையில் வைத்தார். "முடிஞ்சது" என்றார். மணி அடித்தபின் அதே கூடையைக் குழந்தைமுன் கொண்டுவந்து, தன் டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு மூடியாகக் கழற்றி உள்ளே போட்டு, இடப்பக்கத்து ராக்கில் வைத்தார். "நாளைக்கு" என்றார். அவ்வளவுதான். தினமும் அதையே செய்தார். குழந்தை சுவர்ப்பக்கம் திரும்பாமல் பார்க்கத் தொடங்கினாள். ஒரு நாள் கடைசி மூடியை டீச்சர் கையிலிருந்து வாங்கித் தானே கழற்றினாள். செய்வதற்கு முன்னால் அவள் கற்றுக்கொண்டது கலைப்பதைத்தான். அதற்குப் பிறகே நாற்காலியில் ஏறினாள். அவள் செய்ததை அவள்தான் கலைப்பாள், அவள் கண்முன்தான் அது இடப்பக்கம் போகும் என்பது அந்த அறையின் சட்டமானது. புதிதாக ஒரு கிளிப் டப்பாவும் வந்தது. அது வெறும் பிளாஸ்டிக். மூடினால் சத்தம் வராது. அதைக் குழந்தை பொறுத்துக்கொண்டாள்.

பெரிய மேடம் வந்தார். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மருந்துக்கடை அம்மா அனுமதி கேட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் பந்துகளைப் போட்டுக் கூடையில் வைத்தாள். கிளிப்புகளை மாட்டிக் கூடையில் வைத்தாள். மேடத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. அருகில் வந்து, "எங்க காட்டு, எவ்வளவு அழகா செஞ்சிருக்கே" என்று கூடையிலிருந்து கிளிப் டப்பாவை எடுத்துத் திறந்தார். அட்டை வழுக்கியது. கிளிப்புகள் தரையெங்கும் சிதறின.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. எழுந்து பொறுக்கினால் மறுபடி அதே கதை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழந்தை நாற்காலியிலிருந்து வழிந்து கீழே இறங்கினாள். மேசைக்கு அடியில் போனாள். அங்கிருந்து அலமாரியின் உச்சியைப் பார்த்தாள். நீல டப்பா ரிப்பனோடு இருந்தது. பிறகு மேசைக்கு அந்தப் பக்கமாக வெளியே வந்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மேடத்தின் முன்னால் போய் நின்று, அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கி, எல்லாவற்றையும் உள்ளே போட்டு, இடப்பக்கத்து ராக்கில் வைத்தாள்.

"நாளைக்கு" என்றாள்.

மூன்றாவது டப்பாவை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேடம் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். "நான் கை வெச்சது தப்பா டீச்சர்?"

"அதை அவளே சரி பண்ணிட்டா மேடம்."

"சரி. இருக்கட்டும். லீவு முடிஞ்சும் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

அந்தக் குழந்தை பிறகு வளர்ந்து மாடியில் இருக்கும் பெரிய பிள்ளைகளின் வகுப்புக்குப் போனாள். டப்பா டீச்சர் அதே அறையில்தான் இருந்தார். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சில வாரம் கழித்து மெக்கானிக் அவருடைய சாமான்களை எடுத்துப்போக வந்தார். இப்போதெல்லாம் அவர் அதிகம் பேசுவதில்லை. கைப்பை, குடை, ஒரு ஜோடி செருப்பு. டப்பாக்கள் வகுப்புக்கே இருக்கட்டும் என்றார். அவை இடப்பக்கத்து ராக்கில் கலைத்துத் தயாராக அடுக்கியபடியே இருந்தன.

போகும்போது அலமாரியின் உச்சியில் தன் டப்பாவைப் பார்த்தார். நீலம் வெளுத்திருந்தது. கதை தெரியும், டப்பாவை அங்கே அன்றுதான் பார்த்தார். கை நீட்டினார்.

"அதை எடுக்கக் கூடாதுங்க" என்றாள் புதிதாக வந்திருந்த இளம் டீச்சர், தயங்கி. "ஏன்னு எனக்குத் தெரியாது. மாடியிலேர்ந்து ஒரு பொண்ணு தினமும் வந்து இருக்கான்னு பாத்துட்டுப் போவா. அது முடிஞ்சதாம்."

மெக்கானிக் கையை இறக்கினார். குடையையும் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. எனக்கு சாக்ஸ் இருக்கு" என்றார்.

இளம் டீச்சருக்கு அது புரியவில்லை.